சுறா மனிதனைத் தின்னுமா, தின்னாதா? ஒரு பத்து வயதுப் பையனுக்குப் பதில் சொல்ல வேண்டும்

கேள்விக்காரன்:
என் அக்கா மகனுக்கு டைனோசர் ஜுரம் விட்டு இப்போது சுறா ஜுரம் பிடித்திருக்கிறது. நேற்று வந்து, "மாமா, சுறா ஆளைத் தின்னுமா தின்னாதா, ஒரே வார்த்தையில் சொல்லு" என்றான். தின்னாது என்றேன். "அப்போ செத்தவங்க எல்லாம் எப்படிச் செத்தாங்க?" என்றான். அத்தோடு என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது.

தேடிப் பார்த்தால் ஒரு பக்கம் கடலே சிவக்கிற காணொளிகள். இன்னொரு பக்கம் சுறாவை வாயில்லாப் பூச்சி என்கிற அளவுக்குப் பேசும் கட்டுரைகள். இங்கே கடலில் இறங்குகிறவர்களும் உயிரியல் படித்தவர்களும் இருக்கிறீர்கள். அது என்னதான் தின்கிறது, நமக்கு எவ்வளவு ஆபத்து?

நத்தை:
வாயில்லாப் பூச்சியா? அதற்கு வாயைத் தவிர வேறு என்ன இருக்கிறது!

உயிரியல்பித்து:
பையனின் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது. "சுறா" என்று ஒரு பிராணி கிடையாது. 500-க்கும் மேற்பட்ட இனங்கள். "பறவை என்ன தின்னும்?" என்று கேட்டால் கழுகையும் தேன்சிட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பதில் சொல்ல முடியாதல்லவா, அப்படித்தான்.

உலகத்திலேயே பெரிய மீன் திமிங்கலச் சுறா. அது மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் தண்ணீரோடு உள்ளே இழுத்து வடிகட்டித் தின்கிறது. த்ரெஷர் சுறாவுக்கு உடம்பு நீளத்துக்கு வாலும் நீளம். சின்ன மீன் கூட்டத்துக்குள் போய் அந்த வாலைச் சாட்டை மாதிரி தலைக்கு மேல் வீசும், மயங்கி மிதக்கிறதைப் பொறுக்கித் தின்னும். சுத்தியல் மாதிரித் தலை உள்ள கொம்பன் சுறா திருக்கையைத் தலையாலேயே தரையோடு அழுத்திப் பிடித்து, சிறகைக் கடித்து முடமாக்கிவிட்டு நிதானமாகச் சாப்பிடும்.

எனக்குப் பிடித்தது குக்கீகட்டர் சுறா. அரை மீட்டர் வாக்கில்தான் இருக்கும். உதட்டை உறிஞ்சுகுழல் மாதிரி ஒட்டவைத்து, பல்லைப் பதித்து, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றினால் வட்டமாக ஒரு கட்டி சதை பெயர்ந்து வந்துவிடும். திமிங்கலம், டால்பின், சூரை எதையும் விடாது. 1970-களில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களின் சோனார் பகுதியைப் போர்த்தியிருந்த ரப்பரையே கடித்து ஓட்டை போட்டிருக்கிறது.

மனிதர் உயிரிழந்த சம்பவங்களில் பெரும்பாலும் பேர் அடிபடுவது மூன்று இனங்கள்தான்: வெள்ளைச் சுறா, புலிச் சுறா, காளைச் சுறா. மூன்றும் பெரியவை, பெரிய இரையை அறுத்துத் தின்னும் பல் கொண்டவை, கரைக்குப் பக்கத்திலும் வரக்கூடியவை. இந்த மூன்று குணமும் ஒன்றுசேர்வதுதான் நமக்கு வினை.

கேள்விக்காரன்:
பையன் அடுத்த கேள்வியை அனுப்பியிருக்கிறான்: சைவச் சுறா உண்டா?

உயிரியல்பித்து:
முழுச் சைவம் கிடையாது. ஆனால் பானெட்ஹெட் என்று ஒன்று, கொம்பன் சுறாவுக்குத் தம்பி மாதிரி, மண்வெட்டித் தலை. நண்டு தின்கிற இனம். அதன் வயிற்றைத் திறந்தால் சிலதில் பாதிக்கு மேல்கூடக் கடல்புல் இருக்கும். நண்டைக் கவ்வும்போது தவறுதலாக உள்ளே போயிருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2018-இல் வந்த ஆய்வில், தொட்டியில் வைத்துத் தீனியில் 90 சதவீதம் கடல்புல்லாகவே கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் மெலியவில்லை, எடை கூடியிருந்தது. புல்லில் ஏறக்குறைய பாதியைச் செரிக்கவும் செய்திருக்கிறது. பையனிடம் "அரைச் சைவம்" என்று சொல்லுங்கள்.

கறார்:
நல்ல தகவல். ஆனால் மழுப்பாமல் ஆபத்து பக்கத்துக்கு வருவோம். இந்த மாதிரி இழைகளில் யாராவது ஒருவர் வந்து "சுறாவைவிடத் தலையில் தேங்காய் விழுந்து சாகிறவர்கள்தான் அதிகம்" என்பார். யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தேங்காய்க் கணக்குக்கு ஆதாரமே இல்லை.

ஃபுளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரிக்கும் சர்வதேசச் சுறாத் தாக்குதல் கோப்புதான் எல்லோரும் காட்டுகிற ஆவணம். 2023-இல் தூண்டுதல் இல்லாத கடிகள் 69, அதில் மரணம் 10. 2024-இல் 47 கடி, 4 மரணம். உலகம் முழுவதுக்கும் இவ்வளவுதான், சொற்பம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, ஈட்டியால் மீன் குத்தும்போதும் சுறாவுக்குத் தீனி போடும்போதும் கடிபட்டவர்கள் இதில் வரமாட்டார்கள், அது "தூண்டப்பட்டது" என்று தனிக் கணக்கு. இரண்டு, வகுக்கிற எண் தப்பு. கடலையே பார்க்காதவனையும் சேர்த்து 800 கோடியால் வகுத்தால் எந்த ஆபத்தும் பூஜ்யம்தான். இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்று ஒரு சின்னத் தீவு. 2011 முதல் 2019 வரை அங்கே மட்டும் 11 பேர் சுறாவால் இறந்தார்கள். 2013-இல் பாதுகாப்பு வளையத்துக்கு வெளியே குளிக்கவும் அலைச்சறுக்கவும் தடையே போட்டார்கள். அந்தத் தீவில் அலைச்சறுக்குகிறவனிடம் போய் உலகச் சராசரியைச் சொல்லிப் பாருங்கள்.

உயிரியல்பித்து:
கறார் சொல்வது சரி. சராசரி எனக்கும் பிடிக்காது. எந்தத் தண்ணீர், எந்த இனம், எந்த நேரம், நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஃபுளோரிடாவில் கடிகள் மிக அதிகம், மரணம் மிக அரிது. அங்கே கலங்கிய அலையில் சின்ன மீனைத் துரத்திவரும் கருநுனிச் சுறா, வெளிறிய பாதத்தை மீன் என்று கவ்விவிட்டு அடுத்த நொடி ஓடிவிடுகிறது. தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரீயூனியனில் நடந்தது காளைச் சுறாவும் புலிச் சுறாவும் செய்த வேலை. இரண்டையும் ஒரே பத்தியில் "சுறாக்கடி" என்று எழுதுவதால்தான் குழப்பம்.

முக்குளிப்பான்:
பதினைந்து வருடமாக முக்குளிக்கிறேன். அதில் முதல் நான்கு வருடம் ஈட்டித் துப்பாக்கியோடு. ஏன் விட்டேன் என்று சொல்கிறேன்.

மூச்சடக்கி இறங்கி ஒரு களவாவைக் குத்தினேன். சரியாகப் படவில்லை. மீன் கம்பியிலேயே கிடந்து துடிக்கிறது, அந்த அதிர்வு என் கை எலும்பு வரைக்கும் வருகிறது. பத்து நொடி ஆகியிருக்காது. அதுவரை ஒன்றுமே இல்லாத நீலத்திலிருந்து ஒரு சாம்பல் பவளப்பாறைச் சுறா. என் உயரம்தான் இருக்கும். நேராக வரவில்லை. முதுகைக் கூன் போட்டு, பக்கத் துடுப்பு இரண்டையும் கீழே இறக்கி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே எட்டுப் போடுகிற மாதிரி நீந்தியது. அழகாகத்தான் இருந்தது, நடனம் போல. அது நடனமில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. கூட வந்த அண்ணன்தான் என் தோளைப் பிடித்து இழுத்து, மீனைக் கம்பியோடு விடச் சொல்லிச் சைகை செய்தார். விட்டேன். பாறையை முதுகுக்கு வைத்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தோம். திரும்பிப் பார்த்தபோது கம்பியில் மீனின் தலை மட்டும் இருந்தது.

மேலே வந்ததும் அண்ணன் சொன்னார்: "அந்த ஆட்டம் உனக்கு. தின்ன வந்தது மீனை. நீ குறுக்கே நின்னே."

உயிரியல்பித்து:
உங்கள் அண்ணன் சொன்னது அச்சு அசலான உண்மை. அந்த ஆட்டம் சாம்பல் பவளப்பாறைச் சுறாவின் மிரட்டல். அதற்கும் மதிக்காமல் கிட்டே போனால் வெடுக்கென்று ஒரு கடி கடித்துவிட்டு ஓடும். பசிக்கும் அந்தக் கடிக்கும் சம்பந்தம் இல்லை.

அது எப்படிப் பத்து நொடியில் வந்தது என்பதையும் கவனியுங்கள். ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு மைல் தள்ளி மோப்பம் பிடிக்கும் என்பார்கள். வாசனை தண்ணீரோட்டத்தில் கரைந்து வந்து சேர வேண்டும், அதற்கு நிமிடக்கணக்கில் ஆகும். மூக்கின் கூர்மையை அளந்து பார்த்ததில் மற்ற மீன்களைவிடப் பிரமாதம் என்று ஒன்றும் இல்லை. முதலில் போய்ச் சேர்ந்தது சத்தம். அடிபட்ட மீன் துடிக்கிற தாழ்ந்த, சீரில்லாத அதிர்வு தண்ணீரில் வேகமாகவும் தூரமாகவும் போகும். சுறாவின் காதும், அதிர்வை உணர உடம்பின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடும் அதற்கென்றே படைத்த மாதிரி. கிட்டே வந்தபின் கண். கடைசி ஓர் அடி தூரத்தில் வேறொரு புலன்: மூக்கு நுனியைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக இருக்கும் துளைகள். 1678-இல் லாரென்சினி என்ற இத்தாலியர் விவரித்து எழுதினார், எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. இரையின் தசை துடிக்கும்போது கசியும் நுண்ணிய மின்சாரத்தை உணர்கிற குழிகள் அவை. வெள்ளைச் சுறா கடிக்கும் கணத்தில் கண்ணைப் பின்னால் உருட்டி மூடிக்கொள்ளும். அந்த நேரம் அதற்கு வழிகாட்டுவது இந்தக் குழிகள்தான். கூண்டுக்குள் இறங்கிச் சுறா பார்ப்பவரை விட்டுவிட்டுக் கூண்டின் இரும்பைக் கடிப்பதற்கும் இதைத்தான் காரணம் சொல்கிறார்கள்.

கேள்விக்காரன்:
சரி, அப்போது ஆளைக் கடிப்பது சீல் (கடல்நாய்) என்று நினைத்துத்தானா? எல்லாக் கட்டுரையிலும் அதுதான் இருக்கிறது.

உயிரியல்பித்து:
அது ஒரு விளக்கம். 2021-இல் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தினர் கீழேயிருந்து படம் எடுத்து, இளம் வெள்ளைச் சுறாவின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று கணக்கிட்டார்கள். அதற்கு நிறம் அநேகமாகத் தெரியாது, நுணுக்கமும் குறைவு. நீந்துகிற ஆள், கையால் துடுப்புப் போடும் அலைச்சறுக்கர், சீல் மூன்றும் பிரித்தறிய முடியாத நிழல்கள்தான். இளசுகளைப் பார்த்ததற்கும் காரணம் உண்டு. சின்ன வயதில் மீனும் திருக்கையும் தின்கிற வெள்ளைச் சுறா, மூன்று மீட்டர் வாக்கில் வளர்ந்ததும்தான் சீல் வேட்டைக்கு மாறுகிறது. அனுபவம் போதாத பருவம்.

கறார்:
இதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் சீல் தீவு என்ற இடத்தில் வெள்ளைச் சுறா சீலை அடிக்கிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அடியாழத்திலிருந்து ராக்கெட் மாதிரி வந்து, சீலோடு சேர்ந்து முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே போகும். மனிதர்கள் கடிபட்ட சம்பவங்களில் பலதில் சுறா சாவகாசமாக வந்து ஒரு கடி கடித்துவிட்டு விலகியிருக்கிறது. சீல் என்று நம்பியிருந்தால் ஏன் அந்த வேகம் இல்லை? "ஆள்மாறாட்டம்" என்பது சுறாவுக்கு நாம் எழுதிக் கொடுக்கும் மன்னிப்புக் கடிதம் மாதிரி இருக்கிறது.

உயிரியல்பித்து:
இந்த ஆட்சேபத்தை ஆய்வாளர்களே எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது, அது தவறான அடையாளம் இல்லை, "இது என்ன?" என்கிற சோதனை. நமக்குக் கை இருக்கிறது, தொட்டுப் பார்க்கிறோம். அதற்கு வாய்தான் கை. எனக்கும் இதுதான் பெரும்பாலான சம்பவங்களுக்குப் பொருந்துவதாகப் படுகிறது. விடியல் வெளிச்சத்தில் சில கடிகள் நிஜமாகவே ஆள்மாறாட்டமாக இருக்கலாம், சீல் தீவில்கூட வேட்டை மும்முரமாக இருந்தது சூரியன் எழுந்த முதல் இரண்டு மணி நேரத்தில்தான். அவ்வளவு பாய்ந்தும் ஏறக்குறைய பாதி முயற்சி வீணானது என்பதையும் சொல்ல வேண்டும். சீலும் லேசுப்பட்டதில்லை.

கடித்தபின் ஏன் விட்டுவிடுகிறது என்பதற்குக் கொழுப்பைக் காரணம் சொல்வார்கள். வெள்ளைச் சுறா தன் உடம்பைச் சுற்றுக் கடலைவிடச் சூடாக வைத்திருக்கிற மீன், எரிபொருள் நிறைய வேண்டும். 30 கிலோ திமிங்கலக் கொழுப்பு ஒன்றரை மாதத்துக்குத் தாங்கும் என்று 1982-இல் கணக்குப் போட்டார்கள். 2013-இல் மறுபடி அளந்தால் ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குத்தான் தேறியது. அப்படிப்பட்ட வயிற்றுக்கு எலும்பும் தசையுமான நாம் கட்டுப்படியாகாத சரக்கு. இது நிரூபணமான விஷயம் இல்லை, பொருத்தமான ஊகம்.

நத்தை:
அப்படியானால் என் மேலதிகாரியைக் கடலில் இறங்க வேண்டாம் என்று யாராவது சொல்லுங்கள். அவருக்குக் கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

கறார்:
நத்தைக்கு என்ன, சிரிப்பு. புலிச் சுறாவும் காளைச் சுறாவும் கடித்துப் பார்த்துவிட்டு எப்போதும் போய்விடுவதில்லை என்பதையும் எழுதுங்கள். தின்ற சம்பவங்கள் உண்டு. பையனிடம் பொய் சொல்ல வேண்டாம்.

உயிரியல்பித்து:
உண்டு, மறுக்கவில்லை. புலிச் சுறா கண்டதையும் விழுங்குகிற ரகம். ஆமை ஓட்டை உடைக்கும் பல். அதன் வயிற்றில் வண்டி நம்பர் பலகை, டயர் எல்லாம் கிடைத்திருக்கின்றன. காளைச் சுறா ஆற்றுக்குள்ளும் வரும். அமேசானில் கடலிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே பிடிபட்டிருக்கிறது. கலங்கல் தண்ணீரில் கண் உதவாது, கடித்துத்தான் தெரிந்துகொள்ளும்.

நடுக்கடல் இன்னும் வேறு. அங்கே இரை கிடைப்பது பாலைவனத்தில் தண்ணீர் கிடைப்பது மாதிரி, அதனால் வெண்நுனிச் சுறா கண்ணில் பட்ட எதையும் விடாமல் ஆராயும். 1945 ஜூலை 30-இல் அமெரிக்கப் போர்க்கப்பல் இண்டியானாபொலிஸ் மூழ்கியபோது ஏறக்குறைய 1,200 பேரில் 316 பேர் பிழைத்தார்கள். தண்ணீரில் மிதந்தவர்களில் அதிகம் பேரைக் கொன்றது தாகம், வெயில், கடல்நீர் குடித்தது. சுறாக்கள் இறந்தவர்களையும் தின்றன, உயிரோடு இருந்தவர்களையும் தாக்கின.

நத்தை:
புலிச் சுறா என்றதும் ஒரு கதை. கதையில்லை, நடந்தது. 1935 ஏப்ரல், சிட்னி. கூஜி கடற்கரையில் ஒரு புலிச் சுறாவைப் பிடித்து உயிரோடு அங்கிருந்த காட்சிக் குளத்தில் விட்டார்கள். ஒரு வாரம் கழித்து, விடுமுறைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு மனிதக் கையை வாந்தி எடுத்தது. முன்கையில் இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் பச்சை குத்தியிருந்தது, மணிக்கட்டில் கயிறு. எல்லோரும் சுறாவைத் திட்டினார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, இது பல் அறுத்தது இல்லை, கத்தி அறுத்தது என்றார்! பச்சையையும் கைரேகையையும் வைத்து ஆளைக் கண்டுபிடித்தார்கள், ஜேம்ஸ் ஸ்மித். முக்கிய சாட்சி விசாரணை நாளன்று காரில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைதான பேட்ரிக் பிரேடி விடுதலை. வழக்கு இன்றுவரை தீரவில்லை.

உயிரியல்பித்து:
இழைக்குச் சம்பந்தமில்லாத மாதிரி தெரிந்தாலும் இதில் உணவுப் பழக்கம் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு மேல் வயிற்றில் கிடந்தும் பச்சை அடையாளம் தெரிந்தது பாருங்கள். சுறாவின் செரிமானம் அவ்வளவு மெதுவாக நடக்கக்கூடியது. மன அழுத்தத்தில் வயிற்றைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவதும் அதற்கு வழக்கம்.

இரவுப்பணி:
நான் அவசரப் பிரிவில் செவிலியர். சுறாக்கடி பார்த்ததில்லை, இயந்திரத்தில் கால் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். கொல்வது ஒன்றுதான்: ரத்தப்போக்கு. தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடம்தான் இருக்கும். கரையில் நிற்பவர் செய்வதே உயிரைக் காக்கும். காயத்துக்கு மேலே இறுக்குப்பட்டை கட்ட வேண்டும். அது இல்லையென்றால், காயத்தில் தடுமாறிக்கொண்டிருக்காமல், தொடை மடிப்பின் நடுவில் (இடுப்பெலும்புக்கும் பிறப்புறுப்புக்கும் பாதி தூரத்தில்) முஷ்டியை வைத்து, கையை மடக்காமல் உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். ஆஸ்திரேலியாவில் அலைச்சறுக்கர்களுக்கு இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். உதவி வரும்வரை எடுக்கக் கூடாது.

முக்குளிப்பான்:
இரவுப்பணி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1963-இல் தென் ஆஸ்திரேலியாவில் ஈட்டியால் மீன் குத்தும் போட்டியில் ராட்னி ஃபாக்ஸ் என்ற முக்குளிப்பாளரை வெள்ளைச் சுறா நெஞ்சோடு சேர்த்துக் கவ்வியது. போட்டிருந்த ரப்பர் உடையைக் கழற்றாமல் அப்படியே கொண்டுபோனார்கள். குடலை உள்ளே பிடித்து வைத்திருந்தது அந்த உடைதான். நூற்றுக்கணக்கில் தையல். அவர்தான் பிற்பாடு சுறா பார்க்கும் கூண்டு செய்தார்.

கேள்விக்காரன்:
வலை போட்டுத் தடுக்கிறார்களே, அது?

கறார்:
வலை கரையை அடைத்து நிற்பதில்லை. அங்கங்கே தொங்கும், மேலேயும் பக்கத்திலும் சுற்றிப் போகலாம். மாட்டுகிற சுறாக்களில் கணிசமானவை கரைப்பக்கமிருந்து திரும்பும்போதுதான் மாட்டுகின்றன. ஆமையும் டால்பினும் சேர்ந்து சாகும். சுறாவை விரட்டும் கருவிகள் என்று விற்பதையும் நம்பிவிட வேண்டாம். 2018-இல் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் ஐந்து கருவிகளை வெள்ளைச் சுறாவிடம் சோதித்தது. உருப்படியாக வேலை செய்தது ஒரே ஒரு மின்கருவி. அதுவும் இரையைச் சுறா எடுப்பதை 96 சதவீதத்திலிருந்து 40-ஆகக் குறைத்தது, அவ்வளவுதான். காந்த வளையத்துக்கும் சும்மா இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

முக்குளிப்பான்:
எனக்குப் பயம் சுறாவிடம் இல்லை, அதற்குத் தீனி போடுகிறவர்களிடம். 2025 ஏப்ரலில் இஸ்ரேலின் ஹதேராவில் ஓர் ஆள் இறந்தார். அங்கே மின்நிலையத்தின் வெந்நீர் வெளியேறும் இடத்தில் வருடாவருடம் சுறாக்கள் கூடும். மக்கள் கூட்டமாகப் போய்த் தொட்டுப் பார்த்தார்கள், மீன் வீசினார்கள். அதுவரை அந்தச் சுறாக்களால் அங்கே யாரும் செத்ததில்லை. மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்று ஒரு சுறாவுக்குப் பழக்கிவிட்டால், கையில் சாப்பாடு இல்லாமல் வருகிற அடுத்த ஆளிடமும் அது வந்து கேட்கும்.

கேள்விக்காரன்:
தண்ணீரில் ஒன்று எதிரே வந்தால்?

முக்குளிப்பான்:
கண்ணை எடுக்காதீர்கள். திரும்பி அடித்துப் பிடித்து நீந்துவது, துடிக்கிற மீன் நானே என்று சொல்வது மாதிரி. அது சுற்றினால் நீங்களும் கூடவே முகம் திருப்புங்கள், நிமிர்ந்த நிலையில் நிதானமாகக் கரைப்பக்கமோ படகுப்பக்கமோ விலகுங்கள். கிட்டே வந்தால் கையில் இருக்கும் கேமராவோ பலகையோ நடுவில் இருக்கட்டும். கவ்விவிட்டால் மட்டும் கண்ணிலும் செவுளிலும் குத்துங்கள். மூக்கில் குத்தச் சொல்வார்கள். மூக்குக்கு ஓர் அங்குலம் கீழே என்ன இருக்கிறது என்று யோசித்துவிட்டுக் கையை ஓங்குங்கள்.

உயிரியல்பித்து:
பையனுக்கு ஒன்று சொல்லுங்கள்: வெள்ளைச் சுறாவுக்கும் பயம் உண்டு. 2017-இல் தென்னாப்பிரிக்காவில் ஈரல் இல்லாத வெள்ளைச் சுறாக்கள் கரை ஒதுங்கின. போர்ட், ஸ்டார்போர்டு என்று பேர் வைத்த இரண்டு ஓர்காக்களின் (கொலைத் திமிங்கலம் என்பார்கள்) வேலை. ஈரலில்தான் கொழுப்பு முழுதும். ஓர்கா வந்துபோன இடத்தை வெள்ளைச் சுறாக்கள் வாரக்கணக்கில் காலி செய்துவிடுகின்றன.

கேள்விக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. "ஆசைப்பட்டுத் தின்னாது, என்னன்னு பார்க்கக் கடிக்கும், அந்தக் கடியே நமக்குத் தாங்காது, சிலது தின்னவும் செய்யும்" என்று சொன்னேன். "இது ஒரு வார்த்தை இல்லையே மாமா" என்றான். பரவாயில்லை, தலையாட்டினான்.

தப்பு எங்கே நடந்தது என்றால், நான் காபி போடப் போன நேரத்தில் திரையை எட்டிப் பார்த்து அந்தக் கை கதையைப் படித்துவிட்டான். சுறா, ஓர்கா, அரைச் சைவம் எல்லாம் போயிற்று. காலையிலிருந்து "வெட்டினது யாரு மாமா?" என்று பின்னாலேயே வருகிறான். நத்தை, நீங்களே வந்து பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.